யானை வராத வள்ளி திருமணம்

நாடகம் பார்க்க வந்த சனம் கூச்சல் போட்டால் நாங்கள் பயப்படுவதில்லை. கூச்சல் போடுகிறவனுக்கு நாடகம் வேண்டும். கிடைக்கவில்லையே என்ற ஆத்திரத்தில் கத்துகிறான். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் எழுந்து போவார்களே, அதைப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். நடிகருக்கு முகத்தில் விளக்கு அடிப்பதால் எதிரே வெறும் இருட்டுத்தான் தெரியும். ஆர்மோனியக்காரன் மேடையின் ஓரத்தில் உட்காருகிறவன். விடிய விடிய எனக்குச் சனத்தின் முகம் தெரியும். எந்தப் பாட்டில் கொட்டாவி வந்தது, எந்த வசனத்தில் பெண்கள் பக்கம் பேச்சு எழுந்தது, எந்த இடத்தில் முதல் பாய் சுருண்டது என்று பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் பக்கத்தவர்களுக்கு ஸ்பெஷல் நாடகம் இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். கதாநாயகனான ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து, மிருதங்கம் காரைக்குடியிலிருந்து. ஆளாளுக்குத் தனித்தனியாகத் தேதி கொடுத்து, அட்வான்ஸ் வாங்கி, அன்று இரவு அந்த ஊர் நாடக மேடையில் வந்து சேருவோம். சிலர் அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் முகம் பார்ப்பார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. பத்து மணிக்குத் தொடங்கினால் கோழி கூப்பிடும்வரை ஓட வேண்டும்.

எங்களை ஒரே நாடகமாகக் கட்டி வைத்திருப்பது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துப்போன பாட்டும் வசனமும்தான். 1867-இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் மறைந்தவர் அவர். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். அந்த மாதிரி பாய்ஸ் கம்பெனிகளில் பாடம் பண்ணாத பையனை மேடைப் பக்கம் விடமாட்டார்கள். கம்பெனிகள் கலைந்த பிறகும் பாடம் என்ற சொல் எங்களிடம் நிலைத்துவிட்டது. "அவருக்குப் பாடம் உண்டா?" என்று ஒரு நடிகரைப் பற்றிக் கேட்டால், வள்ளி திருமணத்தில் தன் பார்ட்டும் எதிர்ப்பார்ட்டும் முழுக்கத் தெரியுமா என்று பொருள். ஒத்திகை இல்லாமல் நாடகம் நடக்க முடிவது பாடம் இருப்பதால். அது இல்லாதவர்கள் கூடினால் ஒத்திகையும் இல்லை, நாடகமும் இல்லை. அந்த இரவுகளில்தான் பாய்கள் சுருள்கின்றன.

செல்போன் வந்துவிட்டது, டிவி வந்துவிட்டது, இனிமேல் யார் நாடகம் பார்ப்பார்கள் என்று எங்கள் ஆட்களே பேசுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கத்துத் திருவிழா ஒன்றுக்கு வந்து பாருங்கள். எட்டு மணிக்கே பாய் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பார்கள். டிக்கெட் கிடையாது, ஆனால் யாரும் இலவசமாகப் பார்க்கவில்லை. தலைக்கட்டு வரி கொடுத்திருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற வீட்டிலும் அந்த வரியைக் கடன் வைக்கமாட்டார்கள். சில ஊர்களில் வள்ளி திருமணம் போடுவது அம்மனுக்கு நேர்த்திக்கடன். மழை பெய்தாலும் நடத்தியாக வேண்டும். கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டும் பாதிப் பேருக்கு மனப்பாடம். அடுத்து என்ன என்று பார்க்க அவர்கள் வரவில்லை. தெரிந்ததை இன்றைக்கு இவர் எப்படிப் பாடப்போகிறார், இந்தக் கேள்விக்கு இந்த அம்மா என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று கேட்க வந்தவர்கள். இப்படிப்பட்ட சனத்தை ஏமாற்றவே முடியாது. ஏமாற்ற முடிந்ததாக நாம் நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

புதுக்கோட்டைக்குத் தெற்கே ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். வள்ளி திருமணம். ராஜபார்ட்காரர் நாலைந்து இரவாகத் தொடர்ந்து நாடகம் பண்ணி, பகலில் பஸ்ஸிலேயே தூங்கி வந்தவர். தொண்டை கட்டியிருந்தது. பபூனும் டான்சும் ஒன்றரை மணிவரை இழுத்துவிட்டார்கள். நாரதர் வந்தார், அவசரமாக இரண்டு பாட்டுப் பாடினார், வள்ளியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போனார். வேலன் வேட்டைக்காரனாக வந்தார், மானைப் பார்த்தாயா என்றார், கிழவராக வந்தார், தண்ணீர் கேட்டார், உடனே மாலையை எடுத்துவிட்டார்கள். பிளிறலுக்கு என்று, பலவிதச் சத்தம் கொடுக்கிற ஆல்ரவுண்ட்காரர் கைக்கு எட்டுகிற தூரத்தில் எடுத்து வைத்திருந்த குழல் அப்படியே கிடந்தது. மூன்றரை மணிக்கு மங்களம்.

பெட்டியின் மூடியைச் சாத்திக்கொண்டிருக்கிறேன். பெரியவர் ஒருவர், எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது, மேடை ஓரத்துக்கு வந்து பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏந் தம்பி, யானை எங்கப்பா?"

"நேரமாயிருச்சுங்கய்யா, அதான்..."

"என்ன நேரம்? விடிய இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. யானை வராம அந்தப் புள்ள எப்புடிப்பா அவன்கிட்ட ஓடுவா?"

அவர் கேட்டதில் நாடகத்தின் முழு சூட்சுமமும் இருக்கிறது. வள்ளி எதற்கும் மசியாதவள். நாரதர் முருகனின் பெருமையைப் பேசியும் மசியவில்லை, வேடன் கெஞ்சியும் மசியவில்லை, கிழவரின் சாமர்த்தியத்துக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வாதத்தில் அவளை யாராலும் ஜெயிக்க முடியாது. கடைசியில் முருகன் அண்ணனை நினைக்கிறான், விநாயகர் யானையாக வருகிறார், அவள் பயந்து கிழவரை ஓடிக் கட்டிக்கொள்கிறாள். அதுவரை நடந்த இத்தனை தர்க்கமும் அந்த ஓட்டத்துக்காகத்தான். யானையை வெட்டிவிட்டால், ஒரு பெண் காரணமே இல்லாமல் மனசு மாறினாள் என்று ஆகிவிடும். சுவாமிகளின் வள்ளி அப்படிப்பட்டவள் அல்ல. ஏடு பார்த்திராத பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. நோட்டீஸில் படம் போட்டுக்கொண்ட எங்கள் ஆட்களுக்கு அன்று தெரியவில்லை.

பாய் சுருள அடுத்த காரணம் சுருதி. என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

கால் ஆர்மோனியத்தில் துருத்தியைக் காலால் மிதிப்போம், இரண்டு கையும் கட்டைமேல் இருக்கும். நடிகர் பாடும்போது ஒரு கை பாட்டோடு போகும், இன்னொரு கை அடுத்து வருகிறவருக்கு வழி பண்ணும். ராஜபார்ட் இரண்டரைக் கட்டை, ஸ்திரீபார்ட் ஐந்தரைக் கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரைக்கு மத்திமம் ஐந்தரை. வேலன் தன் கேள்விப் பாட்டை முடித்து இழுக்கும்போது நான் அவருடைய மத்திமத்தைப் பிடித்து நிறுத்துவேன். அதையே வள்ளி தன் ஆதார ஷட்ஜமாக எடுத்துக்கொண்டு பதிலைத் தொடங்குவார். இடையில் ஒரு நொடி வெற்றிடம் இருக்காது. அவர் நிலத்தில் நிற்கிறார், அவள் பரண் மேல் நிற்கிறாள் என்பது சுருதியிலேயே கேட்கும். இதே ராஜபார்ட், தொண்டை சரியில்லை என்று யாரிடமும் சொல்லாமல் அரைக் கட்டை இறக்கி இரண்டில் பாட ஆரம்பித்தால் என்ன ஆகும்? இரண்டின் சுத்த மத்திமம் ஐந்து. அந்த அம்மாவுக்கு வேண்டியது ஐந்தரை. ஒட்டாது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நான் சுருதி மாற்றிக் காட்ட வேண்டும், அந்த அம்மா காது கொடுத்துப் பிடிக்க வேண்டும், மிருதங்கம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஓட்டை விழும். சனத்துக்கு மத்திமம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் பேச்சு அறுந்துபோனது தெரியும். முதல் ஓட்டையில் வெற்றிலைப் பை திறக்கும், மூன்றாவதில் பக்கத்தில் பேச ஆரம்பிப்பார்கள்.

இதைத் தவிர்க்கப் பத்து நிமிஷம் போதும். அரிதாரம் பூசும்போது பெட்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, இன்னைக்கு எத்தனை?" என்று கேட்க வேண்டும். அவர் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் ஒன்பது மணிக்குள் ஊர் வந்திருக்க வேண்டும். பாதிக் கச்சேரி நடக்கும்போது கார் வந்து நின்று, நேரே மேக்கப் போட்டு, நேரே மேடைக்கு வருகிறவரிடம் எதைக் கேட்பது?

பழைய நாடகக்காரர்கள் எவ்வளவு உயரத்தில் பாடினார்கள் என்பதற்குக் கிட்டப்பாவின் இசைத்தட்டுகளே சாட்சி. 1933-இல் 27 வயதிலேயே போய்விட்டவர். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிய சாரீரம் அது. அந்த உயரம் இன்றைக்கு எல்லோருக்கும் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. இறங்கிப் பாடினாலும் சுத்தமாகப் பாடலாம். மைக் செட்டில் எக்கோவை ஏற்றிவிட்டால் குரலின் ஓட்டை மறைந்துவிடும் என்று நினைக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எக்கோவில் முதலில் சாவது சொல். பாட்டு கேட்கும், சாகித்தியம் கேட்காது. சுவாமிகளின் பாட்டில் எதுகை மோனை கேட்கவில்லை என்றால் பிறகு அதில் என்ன இருக்கிறது?

சினிமாக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. 1945-இல் ஏவி.எம். எடுத்த ஸ்ரீவள்ளியில் டி.ஆர். மகாலிங்கம் முருகன், ருக்மணி வள்ளி. ருக்மணியின் பாட்டில் படத்தை எடுத்த ஏவி.எம். செட்டியாருக்குத் திருப்தி வரவில்லை; பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து அந்தக் குரலைச் சேர்த்தார். படத்தில் அப்படி ஒட்டலாம். மேடையில் அன்று வந்த குரல் வந்ததுதான். மறுநாள் திருத்துவதற்கு அந்த ஊர் நமக்கு அடுத்த பங்குனிவரை கிடைக்காது. சரியில்லை என்றால் எந்தப் பங்குனியிலும் கிடைக்காது.

வள்ளி திருமணத்தில் சனம் பெரிதும் எதிர்பார்ப்பது தர்க்கத்தை. நாரதருக்கும் வள்ளிக்கும் ஒன்று, வேலனுக்கும் வள்ளிக்கும் ஒன்று. புராணத்திலிருந்தும் திருப்புகழிலிருந்தும் சித்தர் பாட்டிலிருந்தும் கேள்வி வரும். என்ன மெட்டில் கேள்வி வந்ததோ அதே மெட்டில் பதில் போக வேண்டும் என்பது மேடை மரியாதை. நல்ல ஸ்திரீபார்ட் பதிலோடு நிற்கமாட்டார். பதிலின் கடைசி அடியிலேயே ஒரு எதிர்க்கேள்வியை வைத்துவிடுவார். அப்போது ஆண்கள் பக்கம் ஒரு "ம்ம்" கேட்கும். கைதட்டலைவிட எங்களுக்கு அதுதான் பெரிசு. இரண்டு மணிக்குத் தொடங்கிய தர்க்கம் நாலு மணிவரை போய், ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்த இரவுகளுக்கு நான் வாசித்திருக்கிறேன்.

இப்போது பல மேடைகளில் பாடம் இல்லாதவர்கள் தர்க்கத்துக்கு நிற்கிறார்கள். நாலு கேள்வியில் சரக்குத் தீர்ந்துவிடும். பிறகு சொந்த விஷயம் மேடைக்கு வரும். நீ போன வாரம் அந்த ஊரில் என்னை இப்படிப் பேசினாயே, நீ யாரிடம் படித்தாய் என்று நாரதர் வேஷத்தோடும் வள்ளி வேஷத்தோடும் சண்டை. சனம் முதலில் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாடகம் சூடுபிடித்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. சிரித்தவர்களே அடுத்த கால் மணி நேரத்தில் எழுந்து போவார்கள். வரி கொடுத்தது தினைப்புனத்தைப் பார்க்க. நடிகர் சங்கத்துக்குள் முடிக்க வேண்டிய வழக்கைக் கேட்க அல்ல.

சினிமாப் பாட்டுப் பாடுவதால்தான் நாடகம் கெட்டது என்று சொல்கிற மூத்தவர்கள் எங்களில் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சுவாமிகள் எழுதாத பாட்டு மேடையில் எப்போதும் இருந்திருக்கிறது. விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில் தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை ஜெயிலுக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போனது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு ஒன்றில் அவர் வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடினார். அது எங்கே உட்கார்ந்தது என்று பாருங்கள். தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற கதை. அந்த இடத்தில் கொக்கு வந்தால் யாருக்கும் அந்நியமாகத் தெரியாது. கதைக்குள் இருந்துகொண்டே காலத்தைப் பாடினார். வேலன் வேட்டையாடி வருகிற நேரத்தில் பென்டிரைவைச் சொருகி, இசையெல்லாம் ஏற்கெனவே பதிவான காதல் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அதன்மேல் வாயசைப்பதும் அதுவும் ஒன்றாகிவிடுமா? பென்டிரைவ் ஓடும்போது நானும் மிருதங்கமும் சும்மா உட்கார்ந்திருப்போம். நடிகர் ஓர் அடியைத் திரும்பப் பாட நினைத்தாலும் முடியாது, அது நிற்காது. முன்வரிசையில் ஒரு கிழவி தலையாட்டிக் கேட்டால் அந்த அடியை அவளுக்காக இன்னொரு தரம் பாடுவது எங்கள் மேடை வழக்கம். அந்த வழக்கம் அங்கே அறுகிறது.

1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை நிலையத்துக்குள் விடமாட்டேன் என்றது. 1971 வரை அந்தத் தடை முழுதாக இருந்தது. கமகம் பேசாத பெட்டி என்று அதற்குப் பெயர். நாடக மேடை அதைக் கைவிடவில்லை. காரணம், நடிகர் எங்கே போனாலும் கூடவே போகிற, அவர் தடுமாறினால் தாங்குகிற வாத்தியமாக எங்களுக்கு அது பயன்பட்டது. இன்று கீபோர்டு வந்திருக்கிறது. நல்ல கையில் அதுவும் தாங்கும். பதிவு செய்த இசை யாரையும் தாங்காது.

பபூன், டான்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதியைக் குறை சொல்கிறவர்கள் நேராக ஆடுகிற பெண்ணைக் குறை சொல்வார்கள். அது நியாயமில்லை. நல்ல பபூன் பாடவும் ஆடவும் தெரிந்தவர்; பகலெல்லாம் உழைத்து வந்த சனத்தைச் சிரிக்கவைத்து உட்காரவைத்துக் கதைக்குக் கொடுக்கிறவர். நல்ல டான்ஸ் ஆர்ட்டிஸ்ட் அவருக்குப் பேச்சுக்குப் பேச்சு ஈடுகொடுப்பார். கெடுதல் நேரத்தில் வருகிறது. ஊர்க் கமிட்டி இளைஞர்கள் மேடை ஓரத்தில் நின்று இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு பாட்டு என்று கேட்க, பன்னிரண்டுக்கு முடிய வேண்டியது ஒன்றரை ஆகிறது. அந்த ஒன்றரை மணி நேரமும் வள்ளியின் கணக்கிலிருந்துதான் கழிகிறது. முன்னால் நிற்கிற இருபது பேருக்காக, பின்னால் உட்கார்ந்திருக்கிற ஊரை மறந்துவிடுகிறோம்.

இதே சனத்துக்குச் சரியான நாடகம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அரிச்சந்திர மயான காண்டத்தில் சந்திரமதி மகனைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வரும்போது மணி நாலு இருக்கும். ஒரு தடவை சந்திரமதியாக நடித்த அம்மா மைக்குக்கு வரவே இல்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மைக்குக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பாடினார். நான் சுருதியைத் தவிர எல்லாக் கட்டையையும் விட்டுவிட்டேன். மிருதங்கக்காரர் கையை எடுத்துவிட்டார். அரிச்சந்திரன் முழத்துண்டும் கால் பணமும் கேட்டபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அப்பத்தா எழுந்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை மேடையில் வைத்தார். "இந்தாப்பா, நாங் குடுக்கிறேன், புள்ளய எரிக்க விடு" என்றார். அவருக்கு இது நாடகம் என்று தெரியாமல் இல்லை. அவர் வயதுக்கு எத்தனையோ அரிச்சந்திரனைப் பார்த்திருப்பார். அரிச்சந்திரனாக நின்றவரும் பாடம் உள்ளவர். அந்தக் காசைப் பார்த்துவிட்டு, என் எஜமானுக்குச் சேர வேண்டியதை இவள் கையால்தான் வாங்க வேண்டும் தாயே என்று வசனத்துக்குள்ளேயே பதில் சொல்லிவிட்டுக் கதையை நகர்த்தினார். கூட்டத்தில் ஓர் ஆள் எழுந்திருக்கவில்லை.

சனத்தின் ரசனை மாறிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த அப்பத்தாவைத்தான் காட்டுவேன். இப்போது நாடகங்களை விடிய விடியப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நல்ல தர்க்கம் எது, ஒப்பேற்றியது எது என்று அவர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்துவிட்டது. கமிட்டிக்குப் போன் போட்டு, போன வருஷம் வந்தவரை வேண்டாம், இன்னாரைப் போடுங்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு இதில் சந்தோஷமே.

ஊர்க் கமிட்டிக்காரர்களிடம் சில வார்த்தை. நோட்டீஸில் யார் படம் பெரிதாக வரவேண்டும் என்று பேசுகிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். முந்தின இரவும் நாடகம் உள்ள நடிகரிடம் எத்தனை மணிக்கு வந்து சேர்வார் என்று கேளுங்கள். கலைஞர்கள் எல்லோரும் ஒன்பது மணிக்கு மேடைக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். பன்னிரண்டு மணிக்கு நாரதர் வந்துவிட வேண்டும், தர்க்கம் முழுதாக நடக்க வேண்டும், யானை, மாலை எதையும் வெட்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். மைக் செட்காரரிடம் எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள். பெட்டியும் மிருதங்கமும் யார் என்று விசாரித்துப் போடுங்கள். ஆள் சரியாக அமைந்தால் செலவு கொஞ்சம் கூடும். டான்ஸ் பார்ட்டில் ஒரு ஜோடியைக் குறைத்தால் அது சரிக்கட்டிவிடும். பாடம் உள்ள ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு வாங்குங்கள்.